வீட்டிலே வயலின் பயிலும் பிள்ளை
பெற்றோர் கூடிப் படிப்பதற்கான ஒரு பாடம்



விதைநெல், ஆடு வளர்ப்பு, கிணறு இறைத்தல் என்று இவ்வகைப் பக்கங்களில் வாசித்துப் பழகிய உங்களுக்கு, வயலின் பற்றிய பாடம் சற்று வியப்பாக இருக்கலாம். "காணிக்கு உறுதி இல்லை, கூரைக்குத் தகரம் இல்லை, இதற்குள் பிடிலா?" என்று கேட்பவர்களும் இருப்பர். அக்கேள்வி நியாயமானதே. ஆயினும் திருகோணமலை மாவட்டத்தில் இடம்பெயர்ந்து, மீண்டும் குடியமர்ந்த ஊர்களிலும் குடியமர முடியாத ஊர்களிலும் நம் பிள்ளைகள் பாடசாலையிலோ, அறநெறி வகுப்பிலோ, ஆலய மண்டபத்திலோ வயலின் கற்று வருகின்றனர். வகுப்பு வாரத்தில் ஒரு நாள். மற்ற ஆறு நாட்களும் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது. அந்த ஆறு நாட்களில் வீடு செய்ய வேண்டியது என்ன என்பதே இன்றைய பாடம்.

நாம் செய்த பிழை

முதலில் எமது பிழையைச் சொல்லிவிடுகிறோம். 2006ஆம் ஆண்டு சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் முகாம்களில் பல ஆண்டுகள் வாழ்ந்து, 2015ஆம் ஆண்டிலிருந்து தம் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கினர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதற்குப் பிந்திய நாட்களில், மூதூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பிள்ளைகளுக்கென அன்பர் சிலர் பழைய வயலின்களைக் கொடுத்துதவினர். நாம் ஓர் ஆசிரியையை ஒழுங்கு செய்து, சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கி, வயலின்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். வேலை முடிந்தது என்று எண்ணினோம்.

மூன்று மாதம் சென்றதும் ஆசிரியை எம்மிடம் வந்து, "ஒவ்வொரு சனிக்கிழமையும் முதலாவது வகுப்பாகவே இருக்கிறது, பாதர்" என்றார். பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று நாம் கோபித்தோம். "வீடுகளுக்குப் போய்ப் பார்த்துவிட்டுக் கோபியுங்கள்" என்றார் அவர். போனோம்.

முதல் வீட்டிலே வயலின் பழைய சேலையில் சுற்றப்பட்டு, நெல் மூட்டைகளுக்கு மேலே இருந்தது. "உடைஞ்சு போனால் நாங்கள் எப்படிக் கட்டுறது, பாதர்? அதுதான் பிள்ளையைத் தொடவேண்டாம் எண்டு சொன்னனான்" என்றார் தாய். இரண்டாம் வீட்டிலே, "பூனை கத்துற மாதிரி இருக்கு" என்று அயலார் சிரித்ததால் பையன் வில்லைத் தொடுவதையே விட்டிருந்தான்.

மூன்றாவது வீட்டுச் சிறுமி வகுப்பில் எல்லோரிலும் கெட்டிக்காரி. அவளுடைய தந்தை நேராகவே கேட்டார்: "அவள் வாசிச்சுக்கொண்டிருந்தால் ஆர் பாதர் தண்ணி அள்ளுறது? ஆர் தம்பியைப் பாக்கிறது?" எம்மிடம் விடை இருக்கவில்லை. யோசித்துச் சொல்வதாகக் கூறி வந்துவிட்டோம். அடுத்த கிழமை அவள் வயலினைத் துடைத்து, வில்லைத் தளர்த்தி, தானே கொண்டுவந்து தந்துவிட்டுப் போனாள். அவளை நாம் இழந்தோம். அது அவளுடைய குறையும் அல்ல, அத்தந்தையின் குறையும் அல்ல. வீட்டைக் கேளாமல் வகுப்பைத் தொடங்கியது எமது குறை.

நான்காவது வீட்டிலேதான் நாம் பாடம் படித்தோம். அங்கே ஒரு முதியவர். சங்கீதம் ஒன்றும் அறியாதவர். மாலையில் மாடுகளைக் கட்டிய பின் முற்றத்தில் அமர்ந்து மண்வெட்டிக்குப் பிடி போடுவார், கயிறு திரிப்பார். பேரன் பக்கத்திலே பாயில் இருந்து வாசிப்பான். நிறுத்தினால் கிழவர், "இன்னொருக்கா வாசி மோனை" என்பார். அவ்வளவுதான். அந்தப் பையன் மட்டும் ஒவ்வொரு சனியும் புதிய பாடத்தோடு முன்னேறி வந்தான்.

ஆகவே நாம் கண்டுகொண்டது இதுதான்: வீட்டுப் பயிற்சிக்கு வசதியான வீடு தேவையில்லை, சங்கீதம் தெரிந்த பெற்றோரும் தேவையில்லை. ஒரு நேரம், ஓர் இடம், கேட்டிருக்கும் ஓர் ஆள் – இம்மூன்றும் போதும். ஆனால் இம்மூன்றையும் பிள்ளை தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. வீடுதான் கொடுக்க வேண்டும்.

வயலின் நமக்கு அந்நியமா?

வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்த வாத்தியம். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் அதனைச் சென்னையிலே கற்று, கர்நாடக சங்கீதத்துக்கு ஏற்றபடி வாசித்துக் காட்டினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அதனை வளர்த்தார். இருநூறு ஆண்டுகளுக்குள் அது கச்சேரி மேடையில் நீங்கா இடம் பெற்றுவிட்டது. நம் மண்ணிலோ அதற்கு இன்னொரு வழியும் உண்டு. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் கல்யாண வீடுகளில் கப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலின் வாசிப்பர். அவ்வாசிப்பு பெரும்பாலும் வீட்டிலே மூத்தவர் வாசிக்க இளையவர் காதால் கேட்டுப் பழகியது.

நரம்பு வாத்தியத்தின் பெருமை தமிழருக்குப் புதியதும் அல்ல. காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்து, திருகோணமலை இந்துக் கல்லூரியிலும் அதிபராகப் பணியாற்றிய சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்த யாழைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்து யாழ் நூலை இயற்றினார். அது 1947ஆம் ஆண்டு, அவர் மறைந்த அதே ஆண்டில், அரங்கேறியது. ஒரு வாத்தியத்தை வாசிக்கும் கைகள் அற்றுப்போனால், அதனை மீட்க ஓர் அறிஞருடைய வாழ்நாளே தேவைப்படுகிறது என்பதை இதிலே காண்கிறோம்.

போரால் நொந்த பிற நாட்டவரும் இவ்வழியில் சென்றுள்ளனர். யப்பானிலே இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946ஆம் ஆண்டில், சினிச்சி சுசுக்கி என்னும் ஆசிரியர் மற்சுமொட்டோ நகரில் சிறு பிள்ளைகளுக்கு வயலின் கற்பிக்கத் தொடங்கினார். பிள்ளை தாய்மொழியைக் கற்பதுபோல, நாள்தோறும் கேட்டு, வீட்டாரைப் பார்த்து இசையைக் கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்காகத் தாயையோ தந்தையையோ வகுப்பில் இருத்தி, அவர்களுக்கும் சிறிது வாசிக்கக் கற்பித்தார். வெனிசுவேலாவிலே 1975ஆம் ஆண்டு ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய 'எல் சிஸ்தேமா' ஏழைப் பிள்ளைகளைப் பெரும் வாத்தியக் குழுக்களாகச் சேர்த்தது. அங்கே சின்னஞ்சிறு பிள்ளைகள் முதலில் கடதாசிக் கூழால் வயலின் செய்து, பிடிக்கவும் பேணவும் பழகுவர். பின்னரே மெய்யான வயலின் கைக்கு வரும். நம் நாட்டிலும் 2009ஆம் ஆண்டு போர் முடிந்த பின்னர், முல்லைத்தீவிலும் குருநாகலிலும் தமிழ், சிங்களப் பிள்ளைகளுக்கு வாத்தியம் கற்பித்து ஒன்றாக வாசிக்கச் செய்யும் 'த மியூசிக் புரொஜெக்ட்' என்னும் முயற்சி தொடங்கப்பட்டது.

நேரம்: நீர் பாய்ச்சுவது போல

கமக்காரருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஒரு கிழமைக்குரிய நீரை ஒரே நாளில் வயலுக்குத் திறந்துவிட்டால் வரம்பு உடையும். மற்ற நாட்களில் நிலம் வெடிக்கும். பயிற்சியும் அப்படியே. வெள்ளிக்கிழமை இரவு இரண்டு மணி நேரம் வாசிப்பதிலும் ஆறு நாட்கள் இருபது இருபது நிமிடம் வாசிப்பது மேலானது. கணக்கு ஒன்றே, பலன் வேறு. விரல்கள் கற்றதை இடையிலே வரும் உறக்கம் பதித்து வைக்கிறது. சிறு பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் தொடங்கினாலும் போதும்.

நேரத்தை மணிக்கூட்டைக் கொண்டு குறிப்பதிலும், வீட்டில் நாள்தோறும் நடக்கும் ஒரு வேலையோடு சேர்த்துக் குறிப்பது நல்லது. மாடு கட்டிய பின், விளக்கு வைத்த பின், காலையில் தேநீருக்கு முன் என்று வையுங்கள். விதைப்புக் காலத்திலும் அரிவி வெட்டுக் காலத்திலும் அந்நேரம் மாறலாம். மாறினால் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

பெண்பிள்ளைகளின் நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீர், அடுப்பு, தம்பி தங்கை எல்லாம் அவர்கள் தலையில் இருக்கின்றன. "வேலை முடிந்த பின் வாசி" என்றால் வேலை முடிவதே இல்லை. மேலே சொன்ன சிறுமியை இழந்த பின்னர், இன்னொரு வீட்டிலே அதே சிக்கல் எழுந்தபோது, இம்முறை தந்தை, தாய், பிள்ளைகள் எல்லோரையும் ஒன்றாக இருத்திப் பேசினோம். மாலைத் தண்ணீர்க் குடம் அண்ணன் பொறுப்பு என்று முடிவாயிற்று. அவன் முதலில் முணுமுணுத்தான், பின் செய்தான். இருபது நிமிட வேலையை ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாற்றினால், ஒரு பிள்ளையின் கல்வி நிலைக்கிறது.

இடமும் வாத்தியமும்

தனி அறை தேவையில்லை. கர்நாடக முறையில் வாசிப்பவர் நிலத்திலே சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலது பாதத்தில் தாங்கி வாசிப்பார். ஒரு பாய் போதும். மேற்கத்திய முறையில் கற்கும் பிள்ளை நின்று வாசிக்கும். அதற்குக் கை வீச இடமிருந்தால் போதும். நாள்தோறும் அதே இடமாக இருக்கட்டும்.

வாத்தியத்தைப் பூட்டி வைக்காதீர்கள், ஆனால் பேணுங்கள். பின்வருவனவற்றைக் கவனியுங்கள்:

1. வயலின் மெல்லிய பலகைகளைப் பசையால் ஒட்டிச் செய்தது. சூடான தகரக் கூரையின் அடியிலும், அடுப்புப் புகை படும் இடத்திலும், வெயிலிலும் வைத்தால் ஒட்டு விடும்.

2. நம் மாவட்டத்தில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மரம் காய்ந்து முறுக்காணிகள் வழுக்கும். மாரி மழையில் மரம் ஊறி அவை இறுகும். வழுக்கினால் கரும்பலகை வெண்கட்டியைச் சிறிது பூசலாம். இறுகினால் உலர்ந்த சவர்க்காரத்தைச் சிறிது தடவலாம். தேங்காய் எண்ணெய் ஒருபோதும் வேண்டாம்.

3. வாசித்து முடிந்ததும் வில்லின் திருகைத் தளர்த்த வேண்டும். தந்திகளிலும் பலகையிலும் படிந்த வெண்தூளைப் பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். அது வில்லுக்குப் பூசும் ரோசின் என்ற மரப்பிசினின் தூள்.

4. தலைக்கு எண்ணெய் வைத்த கையால் வில்லின் மயிரைத் தொடலாகாது. எண்ணெய் பட்ட இடம் தந்தியைப் பற்றாது, ஒலி வராது.

5. நான்கு தந்திகளையும் ஒரே வேளையில் கழற்றக் கூடாது. குதிரை என்னும் பாலத்தையும் உள்ளே நிற்கும் சிறு மரத்தூணையும் தந்திகளின் இழுவையே தாங்கி நிற்கிறது. ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

மேலும், தவறி உடைந்தால் பிள்ளையை அடிக்க வேண்டாம். அடிக்கு அஞ்சிய பிள்ளை வயலினைத் தொடாது. கொடுத்தவர்களும் ஊரில் கூடிப் பேசி, பழுதுபார்க்கும் செலவு யாருடையது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இதை நாம் செய்யத் தவறியதாலேயே அந்த வயலின் நெல் மூட்டை மேல் ஏறியது.

இருபது நிமிடத்தில் என்ன செய்வது?

ஆசிரியர் சொன்னதே முதன்மை. எனினும் பொதுவாக இவ்வொழுங்கு உதவும்:

சுருதி பார்த்தல். கர்நாடக முறையில் நான்கு தந்திகளும் கீழிருந்து ஸ–ப–ஸ–ப என்று அமையும். கைத்தொலைபேசியில் சுருதி ஒலிக்கச் செய்யும் வசதி இப்போது உண்டு. வகுப்பு முடியும்போது ஆசிரியரிடமே தொலைபேசியில் சுருதியையும் அன்றைய பாடத்தையும் பதிவு செய்துகொள்ளலாம்.

நீண்ட வில். விரல் வையாமல், ஒவ்வொரு தந்தியிலும் வில்லை அடியிலிருந்து நுனிவரை மெதுவாக இழுப்பது. பூனை கத்துவது நிற்பது இந்தப் பயிற்சியில்தான்.

சரளி, ஜண்டை வரிசைகள். முதலில் வாயால் பாடி, பின்னர் விரலால் வாசிக்க வேண்டும். வயலினில் வீணைக்கு உள்ளது போன்ற மெட்டுகள் இல்லை. விரல் ஒரு நெல்மணி அகலம் தள்ளினாலும் சுரம் பிசகும். காதுதான் விரலுக்கு வழிகாட்டி. முதலாம் காலத்தில் நேராக வராததை இரண்டாம் காலத்துக்குக் கொண்டு போகலாகாது.

இடறும் இடம். பாடத்தை முதலிலிருந்து முடிவுவரை திரும்பத் திரும்ப ஓட்டுவது பயிற்சியாகாது. வயல் முழுவதும் நன்றாக இருக்க, ஒரு மூலையில் மட்டும் புல் மண்டினால் அந்த மூலைக்குத்தானே போவோம்? பிசகும் நான்கு சுரங்களை மட்டும் எடுத்து, மெதுவாகப் பலமுறை வாசிக்கட்டும்.

தெரிந்த பாட்டு ஒன்று. முடிவிலே வீட்டாருக்காக வாசிக்கட்டும். பிள்ளை மகிழ்ச்சியோடு வில்லைக் கீழே வைத்தால் நாளைக்கும் எடுக்கும்.

ஊரிலே செத்த வீடு நடக்கும்போது வில்லை எடுப்பது முறையல்ல. அந்நாட்களில் வில் இன்றி விரல்களை மட்டும் தந்தியில் வைத்து, மனதுக்குள் பாடிப் பழகலாம். வயலின் கிடைக்காமல் காத்திருக்கும் பிள்ளையும் வாயால் பாடி, கையால் தாளம் போட்டுப் பழகலாம். அதுவும் பயிற்சியே.

கேட்டிருக்கும் ஆள்

தாயோ தந்தையோ பாட்டனோ பாட்டியோ, யாராவது ஒருவர் அருகே இருங்கள். கையில் வேலை இருக்கலாம். கீரை ஆயலாம், வலை பொத்தலாம். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை என்பதைப் பிள்ளையிடமே கேட்டுக் கற்று, நீங்கள் தாளம் போடலாம். ஆசிரியராகப் பெற்றோர் கற்பதைக் கண்டால் பிள்ளைக்கு வரும் ஊக்கம் தனி. "பிழை" என்று சொல்லாதீர்கள். அது ஆசிரியரின் வேலை. "இன்று என்ன படித்தாய்? எது கடினம்? இன்னொரு முறை வாசி" – இந்த மூன்று வசனமும் போதும். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். அயலார் சிரித்தால், முதல் ஆண்டு எல்லோருடைய வயலினும் அப்படித்தான் கத்தும் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

குழுவாக வாசித்தல்

பல பிள்ளைகள் ஒன்றாக வாசிக்கும்போது வில்கள் எல்லாம் ஒரே திசையில் போக வேண்டும். சுருதி ஒன்றாக வேண்டும். ஒரு பிள்ளை வீட்டில் பயிலாமல் வந்தால், எல்லோரும் அப்பிள்ளைக்காகக் காத்திருக்க வேண்டும். நம் கமக்காரர் அமைப்புகளில் வாய்க்கால் துப்புரவுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு குறிக்கப்படுகிறது. ஒருவர் தன் பங்கை வெட்டாமல் விட்டால், கடைமடைக் காணிக்கு நீர் போகாது. வீட்டிலே தனியாகச் செய்யும் இருபது நிமிடமும் அப்படிப்பட்ட ஒரு பங்குதான். இதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். வயலினைவிடப் பெரிய பாடம் அது.

இதனால் பிழைப்பு வருமா என்று கேட்கிறீர்கள். சிலருக்கு வரலாம். சங்கீதம் பாடசாலைப் பாடமாக உண்டு. வட இலங்கை சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சைகள் நடத்துகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், மட்டக்களப்பிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் மேற்படிப்புக்கு உள்ளன. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் வித்துவான்கள் ஆகப் போவதில்லை. ஆக வேண்டியதும் இல்லை. முகாமிலிருந்து முகாமுக்கு மாறிய குடும்பங்களில் நாளைக்கு என்ன நடக்கும் என்று சொல்ல முடியாத காலம் நீண்டது. நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே பாயில் அமர்ந்து, நேற்று வராத சுரம் இன்று வருவதைக் காணும் பிள்ளை, இன்று செய்தது நாளைக்கு நிற்கும் என்று நம்பப் பழகுகிறது. அந்த நம்பிக்கையே நமக்கு இன்று தேவையான விதைநெல்.

கூடிப் பேசுவதற்குச் சில வினாக்கள்

1. நம் ஊரில் வாத்தியம் கற்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுள் வீட்டில் நாள்தோறும் பயில்வோர் எத்தனை பேர்? பயிலாதோருக்குத் தடை எது?

2. பெண்பிள்ளைகளின் வீட்டு வேலையில் எந்தப் பங்கை ஆண்பிள்ளைகளோ தந்தையோ ஏற்கலாம்?

3. அறுந்த தந்தி, உடைந்த குதிரை ஆகியவற்றுக்கு ஊராகச் சேர்ந்து ஒரு சிறு நிதி வைக்க முடியுமா? யார் பொறுப்பு?

4. மாதம் ஒருமுறை, ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் மாறி மாறிப் பிள்ளைகள் வாசிக்க ஒழுங்கு செய்யலாமா?

இவ்வாரமே செய்து பார்ப்பதற்கு: இன்று மாலை மாடு கட்டிய பின், பாயை விரித்துப் பிள்ளையை அழைத்து, "வாசி, கேட்கிறேன்" என்று சொல்லி அருகில் இருங்கள்.